பதினோராவது பொருத்தம்

ஜாதகத்தில் பத்துப் பொருத்தமும் பார்த்துக் கட்டிவைத்த கல்யாணங்கள் குடும்ப நீதிமன்றப் படிகளில் ஏறி இறங்குவதைப் பார்த்து அலுத்துப்போன நம் ஜனங்கள், பதினோராவதாக ஒரு பொருத்தத்தைக் கண்டுபிடித்தார்கள். மனைப் பொருத்தம் என்று அதற்குப் பெயர்.

விஷயம் ஒன்றும் பிரமாதமில்லை. ஃபேன் போடுவதிலிருந்து பால் தீர்ந்துபோனதைச் சொல்வது வரை, இப்போது எல்லா வீட்டிலும் வீட்டுமூளை என்று ஒன்று இருக்கிறது. அந்த வீட்டில் யார் எப்போது கத்துகிறார்கள், யார் யாரோடு முகம் கொடுத்துப் பேசுவதில்லை என்பதெல்லாம் அதற்கு அத்துபடி. இரண்டு குடும்பங்கள் சம்பந்தம் பேச ஆரம்பித்தால், இரண்டு வீட்டுக்கும் நடுவே இணையத்துக்குள் ஒரு ரகசியச் சுரங்கம் போடுவார்கள். வி.பி.என். என்பது அதுதான். அதன் வழியாக மாப்பிள்ளை வீட்டு மூளை பெண் வீட்டு மூளையிடம் விசாரிக்கும், அது இதனிடம் விசாரிக்கும். பிறகு எதிர் வீடு எப்படிப்பட்டது என்று அவரவர் கூடத்தில் வாசித்துக் காட்டும்.

சட்டம் சும்மா இருக்குமா? படம் காட்டக் கூடாது, பெயர் சொல்லக் கூடாது, கல்யாணம் செய்துகொள்ளப் போகிறவர்களைப் பற்றி மூச்சு விடக் கூடாது என்று விதி. மூத்த ஆண், மூத்த பெண் இவர்களைப் பற்றி மட்டும் சொல்லலாம். எல்லாவற்றுக்கும் மேலாக, ஒரு வீட்டின் மூளை அந்த வீட்டுக்காரர்களிடமே அவர்களைப் பற்றி வாய் திறக்கக் கூடாது. முதல் வருடம் அதற்கும் அனுமதி இருந்தது. ஊர் ஊராக வீட்டுமூளைகள் மொட்டைமாடியிலிருந்து தூக்கி எறியப்பட்ட பிறகுதான் தடை வந்தது.

பொள்ளாச்சியில் சங்கவியின் வீட்டுக் கூடத்தில் அன்றைக்கு வாசிப்பு. மாமியார் ஆகப்போகிறவள் பெயர் சங்கவியா என்று கேட்காதீர்கள். பிள்ளைக்குக் கல்யாணம் பேசும் வயதில் இப்போது சங்கவிகளும் விக்னேஷ்களும்தான் இருக்கிறார்கள். பிள்ளைகள்தான் அதியன், நறுமுகை என்று சங்க காலத்துக்குத் திரும்பிவிட்டார்கள். அதியன் இந்த வீட்டுப் பையன். நறுமுகை கோபிச்செட்டிபாளையத்துப் பெண். இரண்டும் தாமாகவே பார்த்துப் பிடித்து முடிவு செய்துவிட்டுத்தான் வீட்டில் சொல்லியிருந்தன. பெரியவர்களுக்கும் ஏதாவது வேலை வேண்டுமே என்று மனைப் பொருத்தத்துக்கு ஒத்துக்கொண்டிருந்தன.

தாய்மாமன் என்ற முறையில் நவநீதனும் கோவையிலிருந்து வந்திருந்தான். சங்கவியின் தம்பி. தொழில், நிறுவனங்களின் இணைய வாசலில் வருவதையும் போவதையும் காவல் காக்கும் ஃபயர்வால் அமைத்துக் கொடுப்பது. அன்று அக்கா வீட்டில் பாயசத்தை இரண்டு முறை வாங்கிச் சாப்பிட்டுவிட்டு, கண் சொருகும் நிலையில் உட்கார்ந்திருந்தான்.

வீட்டுமூளை வானொலிச் செய்தி வாசிப்பவர் குரலில் ஆரம்பித்தது.

“எதிர்மனை விவரம். மூத்த ஆண், உணவை வாயில் வைப்பதற்கு முன்பே உப்பு இல்லை என்கிறார். சோபாவில் படுத்துக்கொண்டு, வந்துகொண்டே இருக்கிறேன் என்று தொலைபேசியில் சொல்கிறார். மழை வருமா, சட்டை எங்கே, சாவி எங்கே என்பதையெல்லாம் வீட்டுமூளையிடம் கேட்கிறார். மூத்த பெண்ணிடம் அவர் கேட்பது, என்ன குழம்பு என்பது மட்டும்.”

“இவனெல்லாம் ஒரு மனுசனா?” என்றார் சங்கவியின் கணவர் விக்னேஷ், சோபாவில் காலை நீட்டியபடி.

“மூத்த பெண், பழைய குழம்பைக் கிண்ணம் கிண்ணமாகக் குளிர்பெட்டியில் சேர்க்கிறார். குக்கரோடு சண்டை போடுகிறார். எல்லோரும் சாப்பிட்டு எழுந்த பிறகு, அடுப்படியில் நின்றுகொண்டு, பாத்திரத்தின் மூடியில் போட்டுச் சாப்பிடுகிறார். அவர் உட்கார்ந்து சாப்பிட்டதாகப் பதிவு இல்லை. சாப்பிட்டாயா என்று அவரை யாரும் கேட்டதாகவும் பதிவு இல்லை.”

சங்கவி துப்பட்டா நுனியால் கண்ணை ஒற்றிக்கொண்டு எழுந்து உள்ளே போய்விட்டாள். விக்னேஷ் காலை மடக்கி, சோபாவை விட்டே எழுந்து நின்றுவிட்டார். அந்த வீட்டில் அது ஒரு அதிசயம்.

“பாத்தியா நவநீ? உன்ற அக்காளுக்குக் கண்ணே கலங்கிப்போச்சு! ஒரு பொம்பளைய நிக்க வெச்சு மூடில சோறு திங்க உட்டுட்டு, இவன் கூடத்துல டிவி பாத்துட்டுக் கெடக்கறானாக்கும். இப்படியாப்பட்ட ஊட்டுல பொண்ணெடுத்தா நாளைக்கு நம்மள யாரு மதிப்பா? வேண்டவே வேண்டாம்!”

“ஆமாங்க மச்சான், நல்ல ஊடா இருக்காதுங்க” என்று நவநீதனும் ஒத்து ஊதினான். அதியன் ஏதோ சொல்ல வாயெடுத்தான். அதற்குள் கோபியிலிருந்து போன் வந்துவிட்டது. நறுமுகையின் அப்பா.

“உங்க சம்பந்தம் எங்களுக்குச் சரிப்படாதுங்க. இங்க வந்த ரிப்போர்ட்டக் கேட்டமுங்க. போதுமுங்க.”

“நாங்கதானுங்க வேண்டாம்னு சொல்லக் கூப்புடலாம்னு இருந்தம்!”

“கூப்புட்டது நாங்கதானுங்க. அப்ப மொதல்ல வேண்டாம்னது நாங்கதான்.”

யார் முதலில் வேண்டாம் என்றது என்பதில் அரைமணி நேரம் சண்டை நடந்து, இரண்டு பக்கமும் தொண்டை கட்டிப்போய், சம்பந்தம் முறிந்தது.

அடுத்த வாரத்தில் அதியன் மாமனைக் கூப்பிட்டான். குரலே சரியில்லை.

“மாமா, நறுமுகைய நான் உட முடியாதுங்க. அவளும் உடமாட்டா. ஆனா பெரியவங்க சம்மதமில்லாம கட்டறதுக்கு அவ ஒத்துக்கவே மாட்டீங்கறா. நீங்கதான் ஒரு வழி சொல்லோணும்.”

“என்னடா சொல்றது? ரெண்டு பக்கமும் ரிப்போர்ட் அப்படி வந்துருச்சே.”

“அதுலதான் ஒரு சந்தேகமுங்க. அவங்க ஊட்டுக்கு வந்த ரிப்போர்ட்ல, மாப்ள ஊட்டு மூத்த ஆண் குளிக்கறப்ப தெருவுக்கே கேக்கற மாதிரி விசிலடிக்கறாருன்னு இருக்குதாமா. எங்கப்பாவுக்கு விசிலடிக்கவே வராதுங்களே.”

“வேற யாருக்கு வரும்?”

“நறுமுகை அப்பாவுக்குத்தானுங்க. அப்புறம் மூத்த பெண் கேரம் ஆடறப்ப சிவப்புக் காய ஒளிச்சு வெக்கறாங்களாமா. எங்க ஊட்டுல கேரம் போர்டே கெடையாது. அவங்கம்மா ரம்யா அத்தைதான் கேரம் பைத்தியம்.”

நவநீதன் சாப்பிட்டுக்கொண்டிருந்த பஜ்ஜியைப் பாதியில் வைத்தான். லேப்டாப்பை எடுத்துக்கொண்டு பொள்ளாச்சிக்குக் கிளம்பினான்.

அக்கா வீட்டு ஃபயர்வால் அவன் கிரகப்பிரவேசத்துக்குக் கொடுத்த சீர். அடுப்படியை ஒட்டிய சின்ன அறையில் சாமி அலமாரிக்குக் கீழே அந்தப் பெட்டி இருந்தது. ஆயுத பூஜைக்கு வைத்த சந்தனமும் குங்குமமும் அதன் நெற்றியில் காய்ந்திருந்தன. சந்தைக்கு எத்தனையோ புதுச் சரக்கு வந்துவிட்டாலும், நவநீதனுக்கு யுனிக்ஸ் என்ற பழங்கால மென்பொருள் ஓடுகிற பெட்டியைத் தவிர வேறெதிலும் நம்பிக்கை இல்லை. சுரங்கத்துக்கான பச்சை விளக்கு பளிச்சென்று எரிந்தது. பொருத்தம் பார்க்கும் நிறுவனத்தார் அந்த விளக்கைப் பார்த்துவிட்டுத்தான் ‘இணைப்பு வெற்றி’ என்று சான்றிதழ் கொடுத்துவிட்டுப் போயிருந்தார்கள்.

“சுரங்கம் தொறந்துதான் இருக்குது. ஆனா இன்னைக்கு வரைக்கும் அது வழியா ஒண்ணு போகவும் இல்ல, ஒண்ணு வரவும் இல்ல” என்றான் நவநீதன், திரையைப் பார்த்து. “மண்டபத்துல சீரியல் செட்டு எரியுது. பந்தியில ஒருத்தரையும் காணம்.”

கோபி வீட்டு மூளையின் விலாசத்துக்கு ஒரு குரல் கொடுத்துப் பார்த்தான். கண்ணிமைப்பதற்குள் பதில் வந்தது.

“பதில் வருதுங்களே மாமா?”

“அதுதான்டா கோளாறு. கோபிக்குப் போயிட்டு வர்றதுக்குச் சித்த நேரமாவது ஆகோணுமில்ல? இது அடுப்படியிலிருந்து வர்ற வேகத்துல வருது.” சொல்லிவிட்டு, இந்த வீட்டு மூளையின் வயரைப் பிடுங்கினான். அந்தக் கணமே கோபியின் பதிலும் நின்றது.

கூடத்தில் ஃபேனும் நின்றது. “சங்கவீ! ஃபேன் நின்னுபோச்சு!” என்று விக்னேஷின் குரல் கேட்டது. நவநீதன் வயரைத் திரும்பச் சொருகினான்.

“அதியா, நெட்டுல உங்க ஊட்டு உள்விலாசத்துக்கு என்ன நெம்பர் வெச்சிருக்கறீங்க?”

“இருபத்தி நாலுங்க.”

“நறுமுகை ஊட்டுல?”

அதியன் போனில் கேட்டான். கேட்டுவிட்டு, மாமனை மலங்க மலங்கப் பார்த்தான். “அங்கயும் இருபத்தி நாலாமுங்க.”

“முடிஞ்சுது போ. பக்கத்து ஊட்டு நெம்பர் இருபத்தி நாலா இருந்து, நீ வெளியூர் இருபத்தி நாலாம் நெம்பருக்கு ஊர்ப் பேர் போடாம லெட்டர் எழுதுனா, தபால்காரர் என்ன பண்ணுவாரு? பக்கத்து ஊட்டுலயே போட்டுட்டுப் போயிருவாரில்ல. ஃபயர்வாலும் அப்படித்தான். கைக்கெட்டற தூரத்துல அந்த விலாசம் இருந்துதுன்னா, சுரங்கத்துப் பக்கம் திரும்பியே பாக்காது.”

“அதெப்படிங்க ரெண்டு ஊட்டுக்கும் ஒரே நெம்பர்?”

அதற்குப் பதில் திருப்பூரில் இருந்தது. அங்கே ஒரு எண்கணித நிபுணர். வீட்டில் கல்யாண வயதில் பிள்ளைகள் இருக்கின்றன, ஒன்றும் அமையவில்லை என்று யார் போனாலும், வீட்டு உள்விலாசத்தை இருபத்தி நாலாக மாற்றச் சொல்வார். இரண்டும் நாலும் ஆறு, ஆறு சுக்கிரன், சுக்கிரன் வந்தால் கல்யாணம் வரும். ஆகவே அந்த வட்டாரத்தில் கல்யாணத்துக்குக் காத்திருக்கும் வீடெல்லாம் இருபத்தி நாலு. எந்த இரண்டு வீடு சம்பந்தம் பேசினாலும் இரண்டு பக்கமும் இருபத்தி நாலு. மனைப் பொருத்தத்தில் முறிந்துபோன தெரிந்தவர் வீட்டுச் சம்பந்தங்களை நவநீதன் ஒவ்வொன்றாக நினைத்துப் பார்த்தான். விரல் விட்டு எண்ண ஆரம்பித்து, இரண்டு கையும் போதாமல் விட்டுவிட்டான்.

“அப்பன்னா…” என்று அதியன் மெதுவாக ஆரம்பித்தான். “நம்ம ஊட்டு மூளை கோபிகிட்டக் கேக்கறதா நெனச்சு…”

“அதுகிட்டயே கேட்டிருக்குது. பதிலும் அதுவே சொல்லியிருக்குது.”

“அதுக்கே தெரியாதுங்களா, அது நம்மளப் பத்திப் பேசறது?”

“யாரோ வெளியாள் கேக்கறான்னு நெனச்சுச் சொல்லுச்சு. யாரோ வெளியாள் சொன்னான்னு நெனச்சு வாசிச்சுது. சோபாவுல உக்காந்து கேட்டுட்டிருந்த நமக்கு மட்டும் தெரிஞ்சுதாக்கும்?”

அதியன் அடுப்படிப் பக்கம் திரும்பி, “எங்கம்மா நின்னுட்டா சாப்பிடறாங்க?” என்று கேட்டான். பிறந்ததிலிருந்து அந்த வீட்டில் மூன்று வேளையும் சாப்பிட்டவன் கேட்ட கேள்வி அது.

நவநீதனும் எத்தனை தீபாவளி, எத்தனை நோன்பு இங்கே சாப்பிட்டிருக்கிறான். அக்கா பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்ட ஒரு வேளையை நினைவுக்குக் கொண்டுவரப் பார்த்தான். வரவே இல்லை. போன வாரம் வாங்கிக் குடித்த இரண்டாவது பாயசம் யாருடையதாக இருந்திருக்கும் என்று தோன்றியதும், அவனுக்கு வெட்கமாகப் போய்விட்டது.

இதைக் கூடத்தில் போய்ச் சொல்லவும் முடியாது. ஒரு வீட்டு விவரத்தை அந்த வீட்டுக்காரர்களிடமே சொல்வது குற்றம். சட்டம் இல்லாவிட்டாலும், விக்னேஷ் மச்சானிடம் போய் “அந்த மனுசன் நீங்கதானுங்க” என்று சொல்லும் தைரியம் நவநீதனுக்கு இல்லை. லைன் கோளாறு, வந்தது வேறு ஏதோ வீட்டின் ரிப்போர்ட், இன்னொரு முறை பார்க்க வேண்டும், அதற்கு ஒரு பக்கம் நம்பரை மாற்றினால் போதும் என்று மட்டும் சொன்னான்.

“மாப்ள ஊட்டுக்காரங்க நாங்க எதுக்குடா மாத்தோணும்?” என்றார் விக்னேஷ்.

கோபிக்குப் போன் போட்டால், நறுமுகையின் அம்மா ரம்யா எடுத்தாள். “பொண்ணு ஊடுன்னா எளக்காரமுங்களா? எங்க இருபத்தி நாலு இருபத்தி நாலாவேதான் இருக்கும்.”

நவநீதன் இரண்டு பேரிடமும் “சரிங்க, அவங்களையே மாத்தச் சொல்லிடறேன்” என்றான். ஃபயர்வாலுக்கு ஒரு சாமர்த்தியம் உண்டு. உள்ளே இருக்கும் விலாசத்தை அப்படியே விட்டுவிட்டு, வெளியே போகும்போது வேறு விலாசமாகக் காட்டும். பொள்ளாச்சிக்குக் கோபியை நாற்பத்திரண்டு என்று காட்டச் சொன்னான். கோபிக்குப் பொள்ளாச்சியை நாற்பத்திரண்டு என்று காட்டச் சொன்னான். இரண்டு வீடும் இருபத்தி நாலாகவே இருந்தன. எதிர் பக்கம்தான் வளைந்து கொடுத்தது என்று இரண்டு வீட்டுக்கும் பரம திருப்தி.

“அப்படி வழிக்கு வாங்கடான்னேன்” என்றார் விக்னேஷ். கோபியிலும் அநேகமாக அதையேதான் சொல்லியிருப்பார்கள்.

கடைசி எண்டர் தட்டுவதுதான் பாக்கி. மதியச் சாப்பாடு முடிந்து கூடத்தில் டிவி ஓடிக்கொண்டிருந்தது. அதியன் மாமனின் கையைப் பிடித்தான்.

“மாமா, இதத் தட்டுனா இப்ப கோபிக்கு நெசமான ரிப்போர்ட் போயிருமில்லீங்க?”

“ஆமா.”

“அம்மா நின்னுட்டுச் சாப்பிடறதும் போகுமில்ல? அன்னைக்கு அப்பா சொன்னதையே அவங்களும் சொல்லுவாங்க. இப்படியாப்பட்ட ஊட்டுக்குப் பொண்ணக் குடுக்க மாட்டம்னு. அந்த ஒரு வரிய மட்டும் தடுத்துருங்க மாமா. ஃபயர்வால்ங்கறதே தடுக்கறதுக்குத்தானுங்களே.”

பையன் சொன்னதில் தப்பில்லை. அந்த வரியை மட்டும் அடைக்கும் விதியை எழுத நவநீதனுக்கு ஒரு காபி குடிக்கும் நேரம்கூட ஆகாது. எழுதியும் விட்டான்.

“ஏன்டா தம்பி, என்ற வரிய அடைக்கப் போறியாக்கும்?”

இரண்டு பேரும் திரும்பினார்கள். அடுப்படி வாசலில் சங்கவி நின்றிருந்தாள். கையில் ரசப் பாத்திரத்தின் மூடி. அதில் கொஞ்சம் சோறு.

“அக்கா… உனக்குத் தெரியுமா?”

“மொத நாளே தெரியும். குக்கர்கூடச் சண்ட போடறவ வேற எவ இருக்கறா?”

“அப்புறம் ஏன் அன்னைக்கே சொல்லல?”

சங்கவி மூடியிலிருந்த சோற்றைக் கொஞ்சம் பிசைந்தாள். “உங்க மச்சான் எந்திரிச்சு நின்னாரு பாத்தியா? மூஞ்சியெல்லாம் செவந்துபோயி, ஒரு பொம்பளைய இப்படி வெச்சிருக்கறானேன்னு கத்துனாரே. எனக்காக அந்த மனுசன் கோவப்பட்டு நான் பாத்ததே இல்லடா. குறுக்க பூந்து, ஏனுங்க அது நாந்தானுங்கன்னு சொல்லி அதக் கெடுக்க மனசு வரல. இன்னுங் கொஞ்ச நேரம் கேக்கலாம்னுதான் இருந்தேன். அழுகை வந்துருச்சு.” அவளுக்கே சிரிப்பு வந்தது. “அதுக்குள்ள கோபிக்காரங்களோட தொண்ட கிழியச் சண்ட போட்டுக் கல்யாணத்தையே ஒடைப்பாருன்னு யாரு கண்டா?”

அதியனுக்கு அம்மாவின் முகத்தைப் பார்க்க முடியவில்லை. ஏதாவது கேட்க வேண்டும் என்று தவித்து, “அம்மா… சாப்பிட்டீங்களா?” என்று கேட்டான்.

“அதத்தான்டா கண்ணு பண்ணிட்டிருக்கறேன்” என்றாள் சங்கவி, மூடியைக் காட்டி. பிறகு தம்பியைப் பார்த்தாள். “அந்த வரி போகட்டும். வரப்போற புள்ள எந்த மாதிரி ஊட்டுக்குள்ள வருதுன்னு தெரிஞ்சே வரட்டும். வேண்டாம்னா வேண்டாம்னு போகட்டும். மறச்சு வெச்சுக் கட்டுனா, நாளைக்கு இந்த மூடி அவ கைக்குத்தான் போகும்.”

நவநீதன் எழுதிய விதியை அழித்தான். எண்டர் தட்டினான். பச்சை விளக்குக்குப் பக்கத்தில், இத்தனை நாளும் செத்துக் கிடந்த இன்னொரு விளக்கு மினுக்கத் தொடங்கியது.

புது ரிப்போர்ட் பொள்ளாச்சிக்கு வந்தது. விசில், கேரம், ஏசியை எத்தனையில் வைப்பது என்று தினமும் ஒரு தகராறு. “இதெல்லாம் ஒரு குத்தமா? தங்கமான மனுசங்க” என்று விக்னேஷ் ஒரே பேச்சில் முடித்துவிட்டார். கோபியிலிருந்துதான் சத்தமே இல்லை. அதியன் சரியாகச் சாப்பிடவில்லை. நறுமுகையும் ஒன்றும் சொல்லவில்லை. வாரக் கடைசியில் ரம்யாவே கூப்பிட்டாள்.

“நிச்சயத்துக்கு நாள் பாத்துருங்க. ஒண்ணே ஒண்ணு மட்டுமுங்க. மொதப் பந்தியில சம்பந்தியம்மா என்ற பக்கத்துல உக்காந்து சாப்பிடோணும். அவங்க எந்திரிச்சாங்கன்னா நாங்களும் எந்திரிச்சுருவம்.” காரணம் சொல்லவில்லை.

“நல்ல மரியாதை தெரிஞ்ச ஊடு!” என்றார் விக்னேஷ்.

நிச்சயத்தன்று கூடம் நிறைய இலை போட்டிருந்தது. ரம்யா சங்கவியின் கையைப் பிடித்து இழுத்துப் பக்கத்தில் உட்காரவைத்தாள். சங்கவி முதலில் அடுப்படியையே திரும்பித் திரும்பிப் பார்த்தாள். யாருக்குச் சாம்பார் வரவில்லை, யார் இலையில் பொரியல் தீர்ந்தது என்று கண் அலைந்தது. நறுமுகை எதிர் இலையிலிருந்து, “அத்தை, ஆறிப் போகுது, சாப்பிடுங்க” என்ற பிறகுதான் சோற்றில் கை வைத்தாள்.

பந்தி விசாரிப்பதாகச் சொல்லிக்கொண்டு விக்னேஷ் நவநீதனோடு பேசிக்கொண்டு நின்றார். “மொத வந்த ரிப்போர்ட் ஏதோ வேற ஊடுன்னு சொன்னியே நவநீ. அந்தப் பொம்பளை நெனப்பு இன்னும் போக மாட்டீங்குது. பாவம், எந்த ஊர்ல கெடந்து சீரழியறாளோ! அந்த ஊட்டுக்காரன் மட்டும் என்ற கையில கெடைச்சான்னா நாலு வார்த்தை நறுக்குன்னு கேக்காம உடமாட்டேன்.”

“ஏனுங்க” என்று இலையிலிருந்து சங்கவி கூப்பிட்டாள். “அவனக் கேக்கறது இருக்கட்டுமுங்க. எனக்குக் கொஞ்சம் ரசம் ஊத்துங்க.”

அவள் யாரிடம் சொல்கிறாள் என்று விக்னேஷ் பின்னால் திரும்பிப் பார்த்தார். பின்னால் யாரும் இல்லை. ரசவாளியைத் தூக்கிக்கொண்டு வந்து, குனிந்து, ஒரு கரண்டி ஊற்றினார்.

சங்கவி இலையில் கையைக்கூட வைக்கவில்லை.

“உப்பு இல்லீங்க” என்றாள்.

விக்னேஷின் கரண்டி அப்படியே நின்றது. இலையைப் பார்த்தார். அவளைப் பார்த்தார். நவநீதனைப் பார்த்தார். நவநீதன் விட்டத்தில் ஏதோ பல்லி தேடுபவனைப் போல மேலே பார்த்துக்கொண்டிருந்தான்.

வாளியைக் கீழே வைத்துவிட்டு விக்னேஷ் அடுப்படிக்குள் போனார். வழக்கம்போல உப்பு எங்கே என்று கேட்க வீட்டுமூளையை நோக்கி வாய் திறந்தவர், என்ன நினைத்தாரோ, மூடிக்கொண்டார். ஒவ்வொரு டப்பாவாகத் திறந்து திறந்து மூடும் சத்தம் வெகுநேரம் கூடத்துக்குக் கேட்டுக்கொண்டிருந்தது.

சங்கவி எழுந்திருக்கவில்லை.